சீட் போஸ்ட்டில் சந்தனம்

செப்டம்பர் 22, திங்கள்

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தவள் என் அக்கா மகள் மிருதுளா. அவளே கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்திருக்கிறாள்: தேதி, செய்த வேலை, செய்தவர். அவளுடைய கார்பன் சைக்கிளுக்கு யார் எதைச் செய்தாலும் இதில் எழுத வேண்டுமாம். என் அனுபவத்துக்குக் கட்டமெல்லாம் போதாது. பக்கம் முழுக்க எழுதுகிறேன். பிற்காலத்தில் யாராவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் வைப்பார்கள்.

சைக்கிள் என்றால் சாதாரணச் சைக்கிள் இல்லை. இரும்பு கிடையாது, அலுமினியம் கிடையாது, உடம்பெல்லாம் கார்பன். சுண்டுவிரலால் தூக்கிக் காட்டினேன். எங்கள் கோயமுத்தூர் கணபதி மாநகரமே அசந்து போனது. அக்டோபர் ஐந்தாம் தேதி போட்டி. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோத்தகிரி வரை ஏறி, அதே மலை ரோட்டில் இறங்க வேண்டும். முதல் எட்டுப் பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள். இறக்கத்தில் பிள்ளை மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வருவாள். நான் அந்த ரோட்டில் லாரி ஓட்டிய காலத்தில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை.

சைக்கிளில் ஒரே ஒரு கோளாறு. சீட்டைத் தாங்குகிற குழாய், சீட் போஸ்ட் என்பார்கள், ஓட்ட ஓட்டக் கீழே இறங்குகிறது, கிரீச் கிரீச் என்று கத்தவும் செய்கிறது. புதுசு ஒன்று பார்சலில் வருகிறது. மிருதுளா பரீட்சைக்கு ஈரோடு போகிறாள், சனிக்கிழமைதான் வருவாள்.

"மாமா, பார்சல் வந்தா வாங்கி வைங்க. நானே வந்து மாட்டிக்கறேன். நீங்க டயருக்குக் காத்து மட்டும் பாத்துக்கோங்க."

இதற்கு என்ன அர்த்தம்? நான் இருக்கிற தைரியத்தில்தான் ஊருக்குப் போகிறாள் என்று அர்த்தம்.

அக்கா வாசலில் நின்றுகொண்டு, "நாச்சிமுத்து, நீ அதைத் தொட்டுக்கிட்டு இருக்காதே" என்றாள்.

"ஏரோப்ளேனுக்கு நட்டு முறுக்கின கை இது, அக்கா!"

"ஏரோப்ளேன் கம்பெனி கேண்டீனுக்கு பன்னு கொண்டுபோயிக் குடுத்த கை."

அக்காவுக்குத் தொழில்நுட்பம் தெரியாது.

செப்டம்பர் 24, புதன்

பார்சல் வந்தது. பிரித்தேன். (பிரிக்காமல் எப்படி வாங்கி வைப்பது?) கறுப்புக் குழாய், வழவழவென்று மலைப்பாம்பு மாதிரி. கூடவே சின்னப் பாக்கெட்டில் ஒரு பசை. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநற என்றது. மணல்! பசையில் மணலைக் கலந்து விற்கிறான் படுபாவி. பம்பு செட் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவனிடம் இந்த ஏமாற்று வேலை நடக்குமா? அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, நம்மிடம் இருந்த முதல்தர மஞ்சள் கிரீசை எடுத்து, குழாய் முழுக்கப் பூசி உள்ளே இறக்கினேன். வெண்ணெயில் கத்தி இறங்கினது போல இறங்கியது.

மிருதுளாவின் டப்பாவில் ஒரு முறுக்குச் சாவி இருக்கிறது. ஐந்தில் வைத்து முறுக்கினால் டிக் என்று சொல்லி, போதும் என்று நிறுத்திக்கொள்ளுமாம். எப்போது நிறுத்துவதென்று எனக்கு ஒரு சாவி சொல்லித் தர வேண்டுமா? டப்பாவை மூடி வைத்தேன். அறுகோண ஆலன் கீயை எடுத்து, குழாயைக் கவ்வுகிற கிளாம்ப்பின் போல்ட்டைக் கை அளவில் முறுக்கினேன்.

செப்டம்பர் 25, வியாழன்

நானே ஏறி உட்கார்ந்து சோதனை செய்தேன். என் எடை எண்பத்தெட்டு கிலோ, எல்லாம் எலும்பு. சீட் ஒரு கட்டைவிரல் அளவு கீழே போனது. புதுச் சாமான், படிய வேண்டும் அல்லவா. இழுத்து வைத்து இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன்.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சம்சு பாய் வேலை வெட்டியில்லாமல் வந்து நின்றார்.

"ஏனுங்ண்ணா, கார்பன் குழாய்க்குக் கிரீஸா போட்டீங்க? வழுக்குமே? நறநறன்னு ஒரு பசை வரும், அதுதானுங்க புடிப்பு."

"பாய், உங்க கடைல பஞ்சர் எப்படி ஒட்டறதுன்னு நான் சொல்லித் தரட்டுங்களா?"

"சொல்லுங்க, கத்துக்கறேன். ஆனா அதைய அளவுக்கு மேல முறுக்கீராதீங்க. இரும்பு நசுங்குமுங்க, இது நசுங்காது."

நசுங்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். போய்விட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

மறுபடியும் இறங்கியது. எனக்குக் கோபம் வராது, ஆனால் வந்தது. ஆலன் கீயின் வாலில் ஒன்றரை அடி பைப்பைச் சொருகி, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு முறுக்கினேன். இப்போது நான் குதித்தாலும் அசையவில்லை. வெற்றி.

முறுக்குகிறபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பல்லி. தென்கிழக்கு மூலையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று காலண்டரின் பின்பக்கத்தில் பார்த்தேன். சுபச் செய்தி என்று போட்டிருக்கிறது.

தேடிப் பார்த்தேன். பல்லியைக் காணோம். பல்லி என்றால் ஓடத்தான் செய்யும்.

செப்டம்பர் 27, சனி

காலையில் சீட் போஸ்ட்டின் பின்பக்கம், கிளாம்ப்புக்கு மேலே, ஒரு முடி ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். நகம் சிக்கியது.

அரிசி நீளம்தான். கறுப்பில் கறுப்பு, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மத்தியானம் மிருதுளா வந்தாள். முதலில் முகம் சுருங்கியது. "நீங்களே மாட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, சீட்டைப் பிடித்து ஆட்டினாள், முழு பலத்தோடு அழுத்தினாள். அசையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அட, சூப்பரா நிக்குது மாமா! அஞ்சுல வெச்சு டிக் பண்ணீங்களா?"

"டிக்கா? தெரு முழுக்கக் கேட்டுச்சு அம்மிணி."

"பேஸ்ட்டு?"

"பூசினேன் பூசினேன். தாராளமா."

சொன்னதில் தப்பு என்ன? சத்தம் கேட்டதும் உண்மை, பூசியதும் உண்மை.

செப்டம்பர் 28, ஞாயிறு

விடியற்காலையில் ஆனைகட்டி ரோட்டுக்கு ஓட்டிப் பழகப் போனாள். எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள்.

எட்டேகால் வரை நான் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். எட்டு இருபதுக்கு மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எழுந்து நடந்தேன். காற்றாட நடப்பது உடம்புக்கு நல்லது. டீக்கடைக்காரன், "ஏனுங் மாமா, வேட்டியக் கட்டாம டவுசரோட எங்க ஓடறீங்க?" என்றான். அவன் கண்ணில் கோளாறு, நான் ஓடவில்லை.

எட்டரைக்கு அவள் வந்தாள். வழியில் இளநீர் குடித்தாளாம்.

அவள் குளிக்கப் போனதும் நகத்தை வைத்துப் பார்த்தேன். அரிசி இப்போது இரண்டு அரிசி.

செப்டம்பர் 29, திங்கள்

சம்சு பாயிடம் போனேன். எனக்காக இல்லை.

"பாய், நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு. திருப்பூர்க்காரரு. அவரு கார்பன் சாமான்ல முடியாட்டம் ஒரு கோடு வுழுந்திருக்குதாமா. அப்படியே ஓட்டுனா என்ன ஆகுமுங்க?"

பாய் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

"இரும்புன்னா வளைஞ்சு, கோணி, ஒரு எச்சரிக்கை குடுக்கும். கார்பன் ஒன்னுமே சொல்லாதுங்ண்ணா. நல்லாத்தான் இருக்கும், நல்லாத்தான் இருக்கும், ஒரு குழில எறங்குனா படக்குன்னு ரெண்டாப் போயிரும். ஒடைஞ்ச மொனை மூங்கில் செதுக்கினாப்பல இருக்கும். அதுக்கு மேலதான் ஆளு உக்காந்திருக்கும்."

"மேட்டுல போனா?"

"மேட்டுல போனா வுழுந்து எந்திரிக்கலாம். எறக்கத்துல போனா..." பாய் எழுந்து நின்றார். என்னையே பார்த்தார். "திருப்பூர்க்காரரை அதைய மொதல்ல கழட்டச் சொல்லுங்க. இன்னைக்கே."

"சொல்லிர்றேன்" என்றேன். டீ கொடுத்தார். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். சூடு.

சாயந்திரம் மச்சான், மிருதுளாவின் அப்பா, மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். "அவ மலை எறங்கறதை நெனைச்சா எனக்குப் பயமாத்தான் இருக்குது நாச்சிமுத்து. நீ கூட இருக்கறயேன்னுதான் தைரியமா இருக்கறேன்." நான் பேச்சை வெயில் பக்கம் திருப்பினேன். மஸ்கட்டில் நாற்பது டிகிரியாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று சொல்லிவிடுவதாக இருந்தேன். காபி குடித்துவிட்டு உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்தேன். "மாமா, கண்ணை மூடுங்க" என்றாள். மூடினேன். கழுத்தில் எதையோ மாட்டினாள். போட்டிக்காரர்கள் அனுப்பிய அட்டை. என் போட்டோ. கீழே அச்சில்: எம். நாச்சிமுத்து, மெக்கானிக்.

அச்சில் என் பெயர் வந்தது இதுதான் முதல் முறை. கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரை விட்டுவிட்டார்கள்.

"ஃபார்ம்ல மெக்கானிக் யாருன்னு கேட்டாங்க. வேற யாரைப் போடறது?"

தொண்டைக் கனைப்பு கனைப்பாகவே போயிற்று.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

சாமான்களையெல்லாம் கழுவி வாசலில் வைத்தோம். அக்கா பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் எடுத்து வைத்தாள். சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "வண்டிக்கு நீயே வெச்சு வுடு, மெக்கானிக்கு" என்றாள். முதல் முறையாகக் கேலியில்லாமல் சொன்னாள்.

கைப்பிடியில் ஒரு பொட்டு. இரண்டு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. அப்புறம் சீட் போஸ்ட். பின்பக்கம், கிளாம்ப்புக்கு மேலே, ஒரு கை சந்தனம் எடுத்து வளையம் போட்டது மாதிரி அப்பினேன். நடுவில் குங்குமம். கோடு போன இடம் தெரியவில்லை. வண்டி அம்மன் மாதிரி ஆயிற்று.

அக்கா கற்பூரம் காட்டினாள். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக இருக்கிறது, துடைத்துவிடட்டுமா என்று அக்கா கேட்டாள். மிருதுளா விடவில்லை. "மாமா வெச்ச பொட்டும்மா. ரேஸ் முடியற வரைக்கும் இருக்கட்டும்." இனிப் போட்டி வரைக்கும் கால்களுக்கு ஓய்வு, வண்டியில் ஏற மாட்டாளாம். அந்த மட்டும் நல்லது.

அக்டோபர் 3, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. பித்தம்.

அக்டோபர் 4, சனி

மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் வண்டிகளைச் சோதித்தார்கள். சோதித்தவன் பெயர் ஆல்வின், முப்பது வயதிருக்கும், வேலை தெரிந்தவன். டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். பிரேக், டயர், கைப்பிடி. நான் அட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முன்தினம் முழுக்க நான் போட்ட திட்டம் இதுதான்: அவன் கண்டுபிடிப்பான், "அடடா, ஃபேக்டரிக் கோளாறு" என்று நான் சொல்வேன், மாற்றிவிடுவோம். யாருக்கும் பழி இல்லை.

சீட் போஸ்ட்டுக்கு வந்தான். டார்ச்சை அடித்தான். சந்தனத்தின் மேல் விரலை வைத்தான்.

"இதைய கொஞ்சம் தொடச்சுட்டுப் பாக்கட்டுங்களா?"

"பூஜை போட்ட வண்டிங்க தம்பி" என்றது என் வாய்.

"ஐயோ, சாரிங்க" என்று கையை எடுத்துக்கொண்டான். பச்சை ஸ்டிக்கரை ஒட்டினான். சரி என்று அதில் போட்டிருந்தது.

நான் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. ஐம்பத்தெட்டு வருஷமாக அது தானாகவே பேசிப் பழகிய வாய்.

வேனில் திரும்பும்போது மிருதுளா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குழியில் வேன் இறங்கும்போதெல்லாம் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை ஆறரைக்கு ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு பெண்ணாக அனுப்பினார்கள். மிருதுளாவின் முறை ஆறு நாற்பத்தொன்று. மலை மேலே மஞ்சு மூடியிருந்தது. ரோடு ஈரம்.

ஆறு முப்பத்தெட்டுக்கு அவள் ஹெல்மெட் போட்டாள். அக்கா திருநீறு பூசிவிட்டாள். மிருதுளா வண்டியில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து, சீட் போஸ்ட்டில் இருந்த சந்தனத்தை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் விரல் எந்த இடத்தில் பட்டது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவள் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, துண்டை நனைத்து, சந்தனத்தைத் துடைத்தேன். காய்ந்து போய் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

"அடப்பாவி!" அக்கா கத்தினாள். "கெளம்பற நேரத்துல புள்ளை வண்டிப் பொட்டை அழிக்கறயே! உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர், "யாராச்சும் அந்தாளைப் புடிங்கப்பா" என்றார். நான் விடவில்லை. சந்தனம் குழைந்து குங்குமத்தோடு சேர்ந்து கையெல்லாம் சிவப்பு.

துடைத்துவிட்டு, "பாரு அம்மிணி" என்றேன்.

கோடு ஒரு கட்டைவிரல் நீளம்.

அவள் குனிந்து பார்த்தாள். நகத்தை வைத்தாள். நகம் சிக்கியது. நிமிரவே இல்லை.

"எப்ப மாமா?"

"இருபத்தாறு."

"எப்படி?"

"பைப்பு போட்டு முறுக்குனேன். பேஸ்ட்டைக் குப்பைல போட்டுட்டேன். அந்தச் சாவியத் தொடவேயில்லை சாமி."

"தெரு முழுக்க டிக்குன்னு கேட்டுச்சுன்னு சொன்னீங்க."

"அது டிக் இல்லை."

ஆல்வின் ஓடி வந்தான். கிளாம்ப்பைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்து இழுத்தான். குழாய் வந்தது. பாதி வந்தது. மீதிப் பாதி கிளாம்ப்புக்குள்ளேயே நின்றது. உடைந்த முனை சம்சு பாய் சொன்னபடியே மூங்கில் சீவல் மாதிரி இருந்தது. ஆல்வினின் கட்டைவிரலில் குத்தி ரத்தம் வந்தது. அவன் ரத்தத்தைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நேற்று இவன் கையைத் தட்டிவிட்ட வாய் இதுதான்.

அக்கா என் சட்டையை விட்டுவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்பர் பன்னிரண்டு!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது, எப்போது கிளம்பினாலும் ஆறு நாற்பத்தொன்றிலிருந்துதான் கணக்கு என்றார்கள்.

ஆல்வின் ஃப்ரேமுக்குள் டார்ச் அடித்து, மீதித் துண்டை இடுக்கியால் எடுத்தான். "ஃப்ரேம் தப்பிச்சுதுங்க" என்றான். அவர்கள் கூடாரத்தில் அதே அளவில் அலுமினியக் குழாய் ஒன்று இருந்தது. மிருதுளா யாரையும் தொடவிடவில்லை. துணியால் கிரீசைத் துடைத்தாள், பசை தடவினாள், டேப் வைத்து உயரம் அளந்தாள், சாவியை வைத்து முறுக்கினாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முறுக்குவதை எட்டி எட்டிப் பார்த்ததில் வண்டி ஆடியது. "ஆடாதீங்க மாமா" என்றாள். அதுவரை அவள் குரல் எனக்கு அப்படிக் கேட்டதில்லை.

டிக்.

ஏழு நிமிஷம் கழித்துக் கிளம்பினாள்.

இரண்டு மணி நேரம் ரோட்டோரத்தில் நான் நின்றேன், அக்கா உட்கார்ந்திருந்தாள். இறங்கி வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள். கடைசி வளைவில் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. நான் பார்த்தது வேகத்தை இல்லை. சீட்டை. சீட் அசையவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டினாள். அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்தேன்.

பதினாலாவது இடம். ஏழு நிமிஷத்தைக் கழித்துப் பார்த்தால் நாலாவது. நான் கழித்துப் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "நோட்டைக் குடுங்க" என்றாள்.

வேனில் முழுவதையும் படித்தாள். இடையில் ஒரு தரம் அழுதாள். பல்லி வந்த பக்கத்தில் ரொம்ப நேரம் நிறுத்தினாள். மூடி என் மடியில் வைத்தாள்.

"நீங்க துடைக்காம இருந்திருந்தா நான் போயிருப்பேன் மாமா. எறக்கத்துல ஒரு எடத்துல ரோடு பேந்து கெடந்துச்சு. தூக்கிப் போட்டுச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் இந்தப் பக்கம் திரும்பினாள். "உள்ள இன்னும் உங்க கிரீஸ் ஒட்டீட்டிருக்குது. நாளைக்கு எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டணும். நீங்கதான் மாட்டணும்."

வீட்டு வாசலில் சம்சு பாய் நின்றிருந்தார். "என்னங்ண்ணா, ஜெயிச்சாச்சுங்களா?"

"பதினாலுங்க பாய். நாலு வந்திருக்கணும். என்னாலதான் போச்சு." கொஞ்சம் நின்றுவிட்டு, "திருப்பூர்க்காரரு யாருமில்லீங்க" என்றேன்.

"தெரியுமுங்க. அன்னைக்கே நானே வந்து சொல்லாமப் போயிட்டேன் பாருங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

இன்று கட்டத்துக்குள் எழுதுகிறேன்.

செய்த வேலை: சீட் போஸ்ட்டைக் கழற்றியது. ஃப்ரேமுக்குள் கிரீசை மூன்று தரம் துடைத்தது. மணல் பசை தடவி மாட்டியது. ஐந்தில் முறுக்கியது.

செய்தவர்: நாச்சிமுத்து. பக்கத்தில் நின்றவர்: மிருதுளா.

டிக் என்றது. அதற்கு மேல் அரைச் சுற்று முறுக்கக் கை துடித்தது. "மாமா" என்றாள். எடுத்துவிட்டேன்.

பல்லி இல்லை.